நியூட்ரலில் சுற்றிய விசிறி

கரையில் ஒழுங்காக இருக்கிற எஞ்சின் கடலில் மட்டும் ஏன் கோளாறு செய்கிறது என்ற ஒரே கேள்வியோடு ஒரு சீசன் முழுவதும் நான் கிறுக்குப் பிடித்தவன் மாதிரி அலைந்தேன். கரையில் கியர் சொன்ன பேச்சைக் கேட்கும். கடலுக்குப் போனால் கேட்காது. அதுவும் எல்லா நாளும் கேட்காமலிருந்தால் கழற்றி எறிந்துவிட்டு வேறு வழி பார்த்திருப்பேன். இன்றைக்கு ஒழுங்கு, நாளைக்கு முரண்டு, மறுபடி ஒழுங்கு. மனிதனாக இருந்திருந்தால் செவிட்டில் ஒன்று வைத்திருப்பேன்.

படகின் பின்பலகையில் மாட்டித் தொங்கவிடுகிற பழைய எஞ்சின் அது. பக்கத்தில் ஒரு கியர் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். முன்னால் தள்ளினால் படகு ஓடும், நடுவில் வைத்தால் நியூட்ரல், பின்னால் இழுத்தால் ரிவர்ஸ். ரிவர்ஸை நாங்கள் தொடுவதேயில்லை. கோளாறு நியூட்ரலில்தான். கம்பியை நடுவுக்குக் கொண்டுவந்த பிறகும் தண்ணீருக்குள் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சில சமயம் மெதுவாக, சில சமயம் ‘டக் டக்’ என்று பல் உரசுகிற சத்தத்தோடு, படகையே நகர்த்துகிற வேகத்தில்.

வலை போடப் போகிறவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. எங்கள் படகு சங்கு குளிக்கப் போகிற படகு. என் மனைவியின் தம்பிதான் குளிக்கிறவன். வாயில் காற்றுக் குழாயைக் கடித்துக்கொண்டு கடலின் தரையில் போய்ச் சங்கு பொறுக்குவான். மேலே படகில் கம்ப்ரசர் ஓடும். நடுவில் ஒருவர் குழாயை விட்டும் இழுத்தும் கொடுத்துக்கொண்டிருப்பார். பின்னால் எஞ்சினில் நான். கீழே அவன் நகர்ந்தால் மேலே படகும் கொஞ்சம் நகர வேண்டும், அவன் நின்றால் நிற்க வேண்டும். எஞ்சினை அமர்த்திவிட்டு வேலை பார்க்கலாமே என்று கேட்கலாம். சூட்டில் அமர்த்தினால் இந்தக் கிழட்டு எஞ்சின் லேசில் கிளம்பாது. தோள்பட்டை கழலும்வரை ஸ்டார்ட்டரை இழுக்க வேண்டும். அதற்குள் நீரோட்டம் படகைத் தள்ளிக்கொண்டு போகும், படகு குழாயை இழுக்கும், குழாய் அவன் வாயைவிட்டுப் போகும். ஆகவே எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், விசிறி மட்டும் நிற்க வேண்டும். நியூட்ரல் சரியாக விழவில்லையென்றால் அவன் மேலே ஏறிவருகிற இடத்தில் மூன்று இரும்பு இலைகள் சுற்றிக்கொண்டிருக்கும். அந்தக் கம்பியைப் பிடித்திருந்த கை என்னுடையது.

நான் கடற்கரைக்காரன் அல்ல. சாத்தான்குளத்தில் பிறந்தவன். ஊரில் கிணற்றுத் தண்ணீரைக்கூட எட்டிப் பார்த்துத்தான் பழக்கம். தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கம்பெனியில் மேற்பார்வை வேலையில் இருந்தபோது இந்தக் கடற்கரையில் பெண்ணெடுத்தேன். நாங்கள் சபைக்காரர்கள், அவர்கள் மாதா கோவில்காரர்கள். இரண்டு வீட்டிலும் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், பிறகு இறக்கி வைத்தார்கள். கம்பெனி ஆள் குறைத்தபோது, வேறு வேலை கிடைக்கிறவரைக்கும் என்று மச்சினன் படகில் ஏறினேன். வேறு வேலை இன்னும் கிடைக்கவில்லை.

எஞ்சினைக் கீழவைப்பார் என்ற ஊரிலிருந்து பழைய விலைக்கு வாங்கி வந்தோம். வந்த அன்றே என் மனைவி அந்தக் கியர் கம்பியில் ஒரு துண்டுக் கயிறு கட்டினாள். மாதா கோவில் தேர் இழுத்த வடத்தில் பிரிந்து விழுகிற நாரை அவர்கள் வீட்டில் பொறுக்கி வந்து பத்திரப்படுத்துவார்கள். அதைத் திரித்துப் படகில் கட்டினால் காவல் என்று நம்பிக்கை. மற்ற வீடுகளில் படகின் முன்மூக்கில் கட்டுவார்கள். இவள் யோசித்து, தம்பியின் உயிர் எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்தில் கட்டினாள்.

“ஏளா, மாதாவுக்கு எஞ்சின் வேலையெல்லாம் தெரியுமா?” என்று கேட்டேன்.

“உங்களுக்குத் தெரியுமா?” என்றாள்.

எனக்குத் தெரியாது. ஆனாலும் வாயை மூடிக்கொள்ளவில்லை. நாரையும் கயிற்றையும் கும்பிடுகிறதைப் பற்றி எங்கள் சபையில் சின்ன வயதில் கேட்டதையெல்லாம் எடுத்துவிட்டேன். அவள் அழுதாள். தாய் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள். அவன் ஒவ்வொரு நாளும் தண்ணீருக்குள் போகும்போது அவளுக்குப் பிடித்துக்கொள்ள அந்த நாரை விட்டால் வேறென்ன இருக்கிறது என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது. இனி அந்தக் கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று சொன்னேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். பேசாமலிருக்க எளிய வழி, அதைப் பார்க்காமலிருப்பது. எஞ்சினில் உட்கார்ந்தால் என் கண் கடலையும் குழாயையும் பார்க்கும், கம்பியைக் கை மட்டும் தேடிப் பிடிக்கும்.

முதல் தடவை பயந்தது ஒரு காலை நேரத்தில். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று கொஞ்சம் எழும்பியிருந்தது. மச்சினன் மேலே வரப்போகிறான் என்று குழாய் பிடிக்கிறவர் கையைக் காட்டினார். நான் கம்பியை நடுவுக்கு இழுத்தேன். குழாய் வளைந்து பின்பக்கமாக வருகிறது. படகு நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை. கீழே டக் டக் என்கிறது. எஞ்சினை அமர்த்திவிட்டேன். அவன் விசிறிக்கு ஒரு கை தூரத்தில் தலையைத் தூக்கினான்.

“என்ன அத்தான், எஞ்சின அமத்திட்டிய?” என்று கேட்டான்.

கையைக் கொடுத்து அவனைப் படகுக்குள் இழுத்துப் போட்டேன்.

தூத்துக்குடிக்குப் பக்கத்திலிருக்கும் புதுக்கோட்டையில் ஒரு மெக்கானிக் இருந்தார். டிராக்டரும் பார்ப்பார், படகு எஞ்சினும் பார்ப்பார். எஞ்சினை ஆட்டோவில் ஏற்றும் முன் என் மனைவி வந்து கம்பியிலிருந்து கயிற்றை அவிழ்த்துத் துணியில் சுற்றி வீட்டில் மாதா படத்தின் முன் வைத்தாள். கிரீஸ் கைபடுகிற இடத்துக்கு அது போகக் கூடாதாம். பார்க்கவில்லை என்பதுபோல நான் ஆட்டோக்காரரோடு பேசிக்கொண்டிருந்தேன்.

மெக்கானிக் எஞ்சினைத் தண்ணீர் டிரம்மில் இறக்கி ஓடவிட்டார். நியூட்ரலில் போட்டார். விசிறி லேசாகச் சுற்றியது. ஒரு மரக்கட்டையை விட்டதும் நின்றது.

“இது கியர் ஆயில் பிசுபிசுப்புல இழுக்கிறது அண்ணாச்சி. எல்லா எஞ்சின்லயும் இப்படித்தான் லேசாச் சுத்தும். இதுக்கா இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்திய?” என்றார்.

“கடல்ல இப்படி இல்ல. டக் டக்னு சத்தம் போட்டுப் படகையே இழுக்கு.”

“இங்கன இழுக்கலியே.”

இங்கே இழுக்கவில்லைதான். அதற்கு நான் என்ன செய்ய? வந்ததற்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று அவர் கியர் ஆயிலை வடித்துப் பார்த்தார். பால் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கும் என்றார். ஆயில் கறுப்பாக, நல்ல பிள்ளையாக இறங்கியது. கியர் கம்பியிலிருந்து கீழே போகிற ராடைக் கொஞ்சம் திருகி நீளத்தைக் கூட்டினார். டிரம்மில் மறுபடி ஓடவிட்டார். ஒரு பிசகும் இல்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மனைவி கயிற்றைக் கட்டினாள். பயம் கூடிவிட்டதால் இன்னொரு இழையும் சேர்த்துக் கட்டினாள். கடலுக்குப் போனோம். அன்றைக்கு நன்றாக இருந்தது. மறுநாளும் இருந்தது. அப்பாடா என்று நான் பாட்டெல்லாம் முணுமுணுத்தேன். அதற்கடுத்த நாள் டக் டக்.

இரண்டாம் தடவை மெக்கானிக் கியர்பாக்ஸையே பிரித்தார். உள்ளே பல்லும் பல்லும் கோத்துக்கொள்கிற இடத்தைக் காட்டினார். முனைகள் கொஞ்சம் மழுங்கியிருந்தன. “இதுதான்” என்றார். இதுதான் என்று நானும் நம்பினேன். நம்புவதற்கு ஏதாவது கிடைத்தால் போதும் என்றிருந்தது. அதை மாற்றினார். டிரம்மில் நியூட்ரல் போட்டால் சாமி சிலை மாதிரி நிற்கிறது விசிறி. கடலில் சில நாள் நின்றது, பிறகு நிற்கவில்லை. மனைவி இன்னும் ஓர் இழை சேர்த்தாள்.

போனில் எத்தனையோ வீடியோ பார்த்தேன். யாரோ வெள்ளைக்காரர்கள் கண்ணாடி மாதிரி ஏரியில் புத்தம்புது படகில் உட்கார்ந்துகொண்டு கியர் விழாததற்குக் காரணம் சொல்கிறார்கள். கேபிள் இழுபட்டிருக்கும் என்கிறான் ஒருவன். எங்கள் எஞ்சினில் கேபிளே இல்லை. விசிறியின் நடுவிலிருக்கும் ரப்பர் வழுக்கும் என்கிறான் இன்னொருவன். அப்படியானால் ஓடவேண்டிய நேரத்தில் ஓடாது, நிற்கவேண்டிய நேரத்தில் ஓடுவதற்கு அவன் காரணம் சொல்லவில்லை. சோறு தின்னும்போதும் என் காதில் டக் டக் கேட்கத் தொடங்கியது.

பழைய சொந்தக்காரரைக் கேட்டால் எஞ்சினின் பூர்வீகக் குணம் தெரியுமே என்று கீழவைப்பாருக்குப் போனேன். அவர் கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் காசைத் திருப்பிக் கேட்க வந்திருக்கிறேன் என்று முகம் மாறியது. இல்லை, நியூட்ரலைப் பற்றித்தான் கேட்க வந்தேன் என்றேன்.

“நியூட்ரலா? அத நாங்க போடுறதே இல்லியே” என்றார்.

“போடாம எப்படி நிறுத்துவிய?”

“நிறுத்தணும்னா எஞ்சின அமத்திருவோம். ஓடணும்னா கியர்லயே போட்டு இழுப்போம். இதுல நடுவுல என்னத்துக்கு ஒண்ணு?”

இத்தனை வருஷம் அந்த எஞ்சினை வைத்திருந்தவர் நியூட்ரல் என்று ஒன்று இருப்பதையே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரைக் கோபித்து என்ன பயன்? அவர் பாட்டுக்கு மீன் பிடித்திருக்கிறார். பஸ்ஸில் திரும்பி வரும்போது, ஒருவேளை இத்தனை வருஷம் நியூட்ரலே போடாததால் அந்த இடம் இறுகிப்போயிருக்குமோ என்று ஒரு யோசனை வந்தது. தூத்துக்குடி வருவதற்குள், இறுகியிருந்தால் டிரம்மிலும் அல்லவா இறுக வேண்டும் என்று அந்த யோசனையும் செத்துப்போனது.

கடைசியில் மெக்கானிக்கையே கரைக்கு அழைத்து வந்தேன். அவர் வருகிறார் என்றதும் மனைவி முன்னாலேயே போய்க் கயிற்றை அவிழ்த்து எடுத்துவிட்டாள். அவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று எஞ்சினை ஓடவிட்டு, முன்கியர், நியூட்ரல், முன்கியர், நியூட்ரல் என்று மாற்றி மாற்றிப் போட்டார். ஒரு குறை இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஒண்ணு சொல்லுதேன், தப்பா எடுக்காதிய. எஞ்சின்ல ஒண்ணுமில்ல. நீங்க கியர் போடுத கைதான் சரியில்ல. பயந்து பயந்து பாதியில விட்டுருதிய. கடல்ல பொறந்தவன் கை வேற, நம்ம கை வேற.”

மற்ற நேரமாக இருந்தால் அவரோடு சண்டைக்குப் போயிருப்பேன். அன்றைக்கு அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம் என்று எனக்கே தோன்றியது. எஞ்சின் நல்லது, ராடு நல்லது, பல் புதிது. மிச்சமிருப்பது நான்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்று சொன்ன கதை இதுதானோ என்று என் கையை நானே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்த நாட்களில் எனக்கு என் மேலேயே நம்பிக்கை போய்விட்டது. கம்பியை இழுக்கும்போது போதுமா, இன்னும் கொஞ்சமா என்று கை தடுமாறும். தடுமாறுவதைக் கண்டு இன்னும் தடுமாறும்.

மச்சினன் மட்டும் கலங்கவில்லை. குதிக்கும் முன் எப்போதும் பின்னால் என்னிடம் வருவான். கம்பியில் கட்டியிருக்கும் கயிற்றைத் தொட்டு, கொஞ்ச நேரம் பிடித்திருந்து, நெற்றியில் கையை வைத்துக்கொண்டு குதிப்பான். நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். அவனுடைய பக்திக்கு நான் சாட்சி நிற்க வேண்டாமே என்றுதான்.

பிறகு அந்த நாள் வந்தது. அவன் மேலே ஏறி வந்தபோது காலில் மாட்டியிருந்த ரப்பர் துடுப்பின் ஓரம் பிளேடால் கீறியது மாதிரி வெட்டுப்பட்டிருந்தது. காலில் ஒரு கீறலும் இல்லை. அவன் துடுப்பைக் கழற்றிப் பார்த்துவிட்டு பலகையின் அடியில் தள்ளினான். நான் அதை எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஏன் கொண்டுபோனேன் என்று தெரியவில்லை. மனைவி அதைக் கையில் வாங்கி வெட்டின் மேல் விரலை ஓட்டினாள். தம்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். யாரையும் திட்டவில்லை. உள்ளே போய் அவளிடமிருந்த நார் முழுவதையும் எடுத்துவந்து உட்கார்ந்து திரிக்கத் தொடங்கினாள்.

மறுநாள் கடலில் இடம் வந்ததும் நான் அவனைக் குதிக்க விடவில்லை.

“இன்னைக்கு நான் கண்டுபிடிக்காம நீ எறங்கக் கூடாதுலே. கண்டுபிடிக்க முடியலன்னா நேரா கரைக்குப் போறோம். நாளையில இருந்து நீ வேற ஆள எஞ்சினுக்கு வச்சிக்கோ” என்றேன்.

“அத்தான், நீரோட்டம் நல்லா இருக்கு” என்றான்.

“நீரோட்டம் நல்லாத்தான் இருக்கும். நீ இருக்கணுமே.”

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கம்பியை முன்கியரிலிருந்து நடுவுக்கு இழுத்தேன். டக் டக். அந்தச் சீசனிலேயே முதல் தடவையாகக் குனிந்து, கை வைத்திருந்த இடத்தைக் கண்ணால் பார்த்தேன். கம்பியின் அடியில் கயிறு ஒரு குழந்தையின் முஷ்டி அளவுக்குப் பருத்திருந்தது. இழை மேல் இழை, முடிச்சு மேல் முடிச்சு. கடல் தண்ணீர் தெறித்துத் தெறித்து நார் ஊறி ஊதியிருந்தது. கம்பி பின்னால் வரும்போது அந்த மூட்டை எஞ்சின் மூடியின் விளிம்பில் போய் முட்டியது. நடுவுக்கு ஒரு விரல் மிச்சமிருக்கையில் கம்பி நின்றுவிட்டது. நான் இன்னும் அழுத்தினேன். தலையணையை அழுத்துகிற மாதிரி அமுங்கியது, கையை எடுத்ததும் திரும்பி வந்தது. உள்ளே பல் முழுதும் பிரியவில்லை, உரசிக்கொண்டிருந்தது.

இடுப்பிலிருந்த கத்தியை எடுத்தேன். வெட்டும் முன் ஒரு கணம் கை நின்றது. எனக்கு அந்தக் கயிற்றில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் நின்றது. பிறகு அறுத்தேன். கம்பி பின்னால் நகர்ந்து தன் பள்ளத்தில் விழுகிற சத்தம் கேட்டது. விசிறி நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

பட்டறைக்குப் போகும்போதெல்லாம் கயிறு கம்பியில் இல்லை. மெக்கானிக் கரைக்கு வந்தபோதும் இல்லை. கடலுக்குப் போகும்போது மட்டும் இருந்தது. ஒவ்வொரு தடவை நாங்கள் பயந்து வந்து சொன்னபோதும் அவள் இன்னோர் இழை சேர்த்தாள், கோளாறு இன்னும் மோசமானது. நிமிர்ந்து மச்சினனைப் பார்த்தேன். அவன் முகத்தில் ஆச்சரியம் இல்லை.

“உனக்குத் தெரியுமாலே?”

அவன் கடலைப் பார்த்தான்.

“கேக்கேன்லா.”

“தெரியும் அத்தான். அதான் குதிக்கதுக்கு முன்ன வந்து கயிற மேல ஏத்தி விட்டுட்டுப் போவேன். ஏத்தி விட்டா கம்பி ஒழுங்கா விழும். சில நாளு ஆட்டத்துல அது தானா எறங்கிரும். நேத்து நான் ஏத்த மறந்துட்டேன்.”

நான் பக்தி என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டது இதற்குத்தான். ஒரு நாள் ஒழுங்கு, மறுநாள் முரண்டு என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டதற்கும் அதுதான் காரணம். குழாய் பிடிக்கிறவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத முடியாது. நீ செத்துக் கிடந்தால் உன் அக்காளுக்கு நான் எப்படி முகம் காட்டுவேன் என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது.

அவன் அமைதியாகச் சொன்னான்: “அக்கா கட்டுனத எப்படி அவுக்கச் சொல்லுவேன் அத்தான்? அது இருக்குன்னுதான் அவ சோறு திங்கா. இதுனாலதான் என் காலு வெட்டுப்படப் பாத்துச்சின்னு அவளுக்குத் தெரிஞ்சா அப்புறம் ஒடஞ்சி போயிருவா. அவகிட்ட சொல்லாதீங்க.”

கரைக்கு வரும் வழியில் என் கோபம் இறங்கியது. இறங்கியதும் அவன் சொன்னது நியாயமாகப் பட்டது. கயிற்றைக் கேலி செய்து அவளை அழ வைத்தவன் நான். இப்போது நானே போய், உன் கயிறுதான் உன் தம்பியைக் கொல்லப் பார்த்தது என்று சொன்னால் எப்படி இருக்கும்? வெற்றி பெற்ற மாதிரி இருக்கும். எனக்கு அந்த வெற்றி வேண்டாம். கயிறு அறுந்து கடலில் விழுந்துவிட்டது, மெக்கானிக் போனில் சொன்னபடி ஒரு திருகு திருப்பினோம், சரியாகிவிட்டது என்று சொல்வதாக இரண்டுபேரும் பேசி வைத்துக்கொண்டோம்.

மதியச் சோற்றுக்கு அவனும் எங்கள் வீட்டில் உட்கார்ந்தான். மனைவி குழம்பை ஊற்றிக்கொண்டே, கியர் என்ன ஆயிற்று என்று கேட்டாள். அவன் சொல்லி வைத்த கதையைச் சொன்னான்.

“கயிறு விழுந்துட்டா? நேத்து அவ்வளவு முடிச்சி போட்டேனே, எப்படி விழும்?”

“விழுந்துட்டுக்கா.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன். பொய் சொல்வதில் எனக்குப் பெரிய கஷ்டமெல்லாம் கிடையாது. கம்பெனியில் இருந்தபோது வேண்டியமட்டும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவள் கையில் கரண்டியோடு நின்ற நிலை, நாளைக்கே எங்கோ போய் இன்னும் நார் வாங்கி வந்து இதைவிடப் பெரிய முடிச்சாகப் போடுவாள் என்று சொன்னது. அதை நினைத்ததும் வாய் திறந்துவிட்டது.

“நான்தான் அறுத்தேன்ளா. முடிச்சு மூடியில முட்டுச்சு. அதனாலதான் நியூட்ரல் விழல.”

அவள் கரண்டியைச் சட்டியில் வைத்தாள். மச்சினன் என்னைப் பார்த்த பார்வையில் என் மானம் போனது. பிறகு அவள் கேட்டது நாங்கள் எதிர்பார்த்த கேள்வி அல்ல.

“ஏலே, உனக்கு இது முன்னாலயே தெரியுமா?”

அவன் சோற்றைப் பிசைந்தான்.

“தெரிஞ்சே குதிச்சியா?”

“நீ வருத்தப்படுவேன்னு...”

அவள் ஓங்கி அவன் முதுகில் ஒன்று வைத்தாள். இன்னொன்று வைத்தாள். “மாதா என்ன கியர் கம்பியிலயாலே இருக்கா? முட்டுச்சின்னா அறுத்துத் தூர எறிய வேண்டியதுதானலே. நீ அடியில வெட்டுப்பட்டுக் கெடந்தா நான் வருத்தப்பட மாட்டேனாக்கும்? இந்தக் கயித்த அறுத்தா செத்துருவேன், நீ செத்தா இருந்துருவேன்னு நெனைச்சியா?”

அழுகையில் அவள் குரல் உடைந்தது. என் பக்கம் கையைக் காட்டினாள். “இவுகளுக்குத் தெரியாது. இவுக வெளியூரு, வேற சபை. இவுக அப்படித்தான் நெனைப்பாக. நீ என் மடியில வளந்தவன்லே. உனக்கும் என்னைத் தெரியலையா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டு அழுதான். அடித்த இடத்திலேயே அவள் கையை வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். நான் உண்மையைச் சொன்னவன். சொன்னதற்கு எனக்குக் கிடைத்தது ‘வெளியூரு’. எனக்குச் சுருக்கென்றது, கோபமும் வந்தது. இத்தனை வருஷம் இந்தத் தண்ணீரில் உப்பேறி உட்கார்ந்திருக்கிறேன், இன்னும் வெளியூரா என்று கேட்க வாயெடுத்தேன்.

அதற்குள் அவள் என்னைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள். “நீங்களும் மறைக்கத்தான பாத்தீக?”

“ஆமா” என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கரண்டியை எடுத்து என் தட்டில் குழம்பை ஊற்றினாள். கல்யாணமானதிலிருந்து அவள் முன்னால் நான் அவ்வளவு வெட்கப்பட்டுச் சாப்பிட்டதில்லை.